பள்ளிக்குப் போகும் தெரு: சிகாகோவில் வன்முறையும் குழந்தைகளின் கல்வியும்

வீட்டுக்கு வெளியே, தெருமுனையிலும் விளையாட்டுத் திடலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நடக்கும் கொலை, துப்பாக்கிச் சூடு, கும்பல் மோதல் ஆகியவற்றை ஆய்வாளர்கள் ‘சமூக வன்முறை’ என்று பெயரிட்டு, வீட்டுக்குள் நடக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பிரித்துப் பேசுகின்றனர். இத்தகைய வன்முறையில் அடிபடுபவரும் அடிப்பவரும் ஒரு குழந்தைக்கு முன்பின் அறியாதவர்களாகவே இருக்கலாம். ஆயினும் அந்தத் தெருவில் வளரும் குழந்தையின் உறக்கம், உடலின் சுரப்புகள், வகுப்பில் அதன் கவனம், இறுதியில் அதன் மதிப்பெண் ஆகிய அனைத்தையும் அது தொட்டுவிடுகிறது என்பது இன்று அளந்து அறியப்பட்ட செய்தி. அந்த அளவீடுகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் செய்யப்பட்டவை. பெரிய பல்கலைக்கழகங்களும் ஒழுங்கான காவல்துறைப் பதிவேடுகளும் அங்கு இருந்தது இதற்கு ஒரு காரணம். வன்முறை நகரெங்கும் பரவாமல், குறிப்பிட்ட சில குடியிருப்புகளிலேயே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தங்கிவிட்டது அதைவிடப் பெரிய காரணம். அது அங்கே தானாகத் தங்கவில்லை. தேதியிட்டுக் கையொப்பமிட்ட முடிவுகளால் தங்கவைக்கப்பட்டது. ஆகவே சிகாகோ குழந்தைகளின் மதிப்பெண் வரலாற்றை, அவர்கள் பள்ளிக்கு நடந்து சென்ற தெருக்களின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் தென் மாநிலங்களின் பருத்தி வயல்களையும் அங்கு நிலவிய இன ஒடுக்குமுறையையும் விட்டு, இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கின் தொழில் நகரங்களை நோக்கி ரயிலேறினர். ‘பெரும் இடப்பெயர்வு’ என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் இந்த நகர்வால், 1910இல் 44,000 ஆக இருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1920இல் 1,09,000ஐத் தாண்டியது. இறைச்சிக் கூடங்களும் எஃகு ஆலைகளும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. வீடு கொடுக்க நகரம் தயாராக இல்லை. தெற்குப் பகுதியில் ஸ்டேட் தெருவை ஒட்டிய, ‘கறுப்புப் பட்டை’ என அழைக்கப்பட்ட ஒரு குறுகிய நிலப்பரப்புக்குள் அவர்கள் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. அதன் மேற்கு எல்லை வென்ட்வொர்த் சாலை. அதைத் தாண்டினால் ஐரிஷ், போலிஷ், லித்துவேனியக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகள். அங்கே ‘உடற்பயிற்சிச் சங்கம்’ என்ற பெயரில் இயங்கிய வெள்ளை இளைஞர் கும்பல்கள், உள்ளூர் அரசியல்வாதிகளின் ஆதரவோடு அந்த எல்லையைக் காவல் காத்தன. பின்னாளில் பெருங்கவிஞராக அறியப்பட்ட லாங்ஸ்டன் ஹியூஸ், பள்ளி மாணவராக இருந்தபோது சிகாகோவுக்கு வந்து, ஊர் பார்க்கும் ஆவலில் வென்ட்வொர்த் சாலையைக் கடந்ததற்காக அடித்து நொறுக்கப்பட்டதைத் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். ஊருக்குப் புதியவருக்குத் தெரியாத அந்தக் கோடு, அங்கு வளர்ந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

1919 ஜூலை 27 அன்று மிச்சிகன் ஏரியில், 29ஆம் தெருக் கரைக்கு அருகே, கண்ணுக்குப் புலப்படாத இன எல்லையைத் தாண்டி மிதந்து சென்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அதையடுத்து மூண்ட கலவரத்தில் 23 கறுப்பினத்தவரும் 15 வெள்ளையருமாக 38 பேர் உயிரிழந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கலவரத்தின் காரணங்களை ஆராய இல்லினாய் ஆளுநர் அமைத்த ஆணையம், சமூகவியலாளர் சார்லஸ் எஸ். ஜான்சனின் முதன்மைப் பங்களிப்போடு, 1922இல் மிக விரிவான அறிக்கை ஒன்றை நூலாக வெளியிட்டது. உடற்பயிற்சிச் சங்கங்கள் கலவரத்தில் வகித்த பங்கை அது வெளிப்படையாகப் பேசியது. ஆனால் அச்சங்கங்கள் கலையவில்லை. அவற்றுள் ஒன்றான ஹாம்பர்க் சங்கத்துக்கு 1924இல் தலைவரான ரிச்சர்ட் ஜே. டேலி, 1955 முதல் 1976 வரை நகர மேயராக இருந்தார் என்பது, தெருவின் அதிகாரமும் நகர மன்றத்தின் அதிகாரமும் எவ்வளவு அருகருகே இருந்தன என்பதைக் காட்டப் போதுமானது.

இதே காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர்கள் தங்கள் நகரையே ஆய்வுக்கூடமாகக் கொண்டனர். ஃபிரெடெரிக் திராஷர் 1927இல் வெளியிட்ட ஆய்வு, நகரில் 1,313 இளைஞர் கும்பல்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகள் அமைத்தவை. கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் 1942இல் வெளியிட்ட நூல் இன்னும் முக்கியமானது. நீதிமன்றப் பதிவேடுகளில் இருந்த சிறார்களின் முகவரிகளைப் பல பத்தாண்டுகளுக்கு வரைபடத்தில் குறித்துப் பார்த்த அவர்கள், ஒரு பகுதியில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் போய் இத்தாலியர்கள் வந்தாலும், அவர்களும் போய் வேறொரு மக்கள் வந்தாலும், சிறார் குற்றத்தின் அளவு அந்தப் பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருந்ததைக் கண்டறிந்தனர். குற்றத்துக்கான காரணத்தை மக்களின் பிறப்பில் தேடியவர்களுக்கு, அது இடத்தில் இருக்கிறது என்று இந்த வரைபடங்கள் விடை சொல்லின. இந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு நகரம் நேர் எதிராக நடந்துகொண்டதுதான் இவ்வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி.

கறுப்புப் பட்டை விரிவடையாமல் தடுக்க 1920களின் பிற்பகுதியிலிருந்து பயன்பட்ட கருவி ‘தடை உடன்படிக்கை’. ஒரு தெருவின் வீட்டு உரிமையாளர்கள் தங்கள் சொத்தைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று பத்திரத்தில் எழுதிப் பதிவுசெய்துகொள்ளும் ஏற்பாடு அது. வீட்டுமனை வணிகர்களின் அமைப்பே இதற்கு மாதிரிப் பத்திரம் தயாரித்துப் பரப்பியது. 1937இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வணிகர், வாஷிங்டன் பூங்காவை அடுத்த, இத்தகைய உடன்படிக்கைக்கு உட்பட்ட பகுதியில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினார். வீட்டைச் சூழ்ந்த கும்பல் எறிந்த கல், அவருடைய இளைய மகள் லொரெய்னைத் தாக்காமல் மயிரிழையில் தப்பிச் சென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் ஹான்ஸ்பெரிக்குச் சாதகமாக முடிந்தது. உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்ற பொதுவான தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

சட்ட வரலாறு இந்த வழக்கைத் தந்தையின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறது. நாடகாசிரியராகப் புகழ்பெற்ற மகள் லொரெய்ன் ஹான்ஸ்பெரியோ, பல ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதம் ஒன்றில், அந்த வழக்கு நடந்த காலத்தைத் தம் பள்ளிப் பயணத்தின் வழியாக நினைவுகூர்ந்தார்: அன்றாடம் பள்ளிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் தம்மீது எச்சில் துப்பப்பட்டதையும், வசைகளையும் அடிகளையும் வாங்கியதையும், தந்தை வழக்குக்காக வெளியூரில் இருந்த இரவுகளில் தாய் கைத்துப்பாக்கியுடன் வீட்டுக்குள் உலவியபடி நான்கு பிள்ளைகளைக் காவல் காத்ததையும் அதில் எழுதினார். ஒரு சட்ட வெற்றிக்கான விலையின் ஒரு பங்கை ஒரு சிறுமி நாள்தோறும் இருமுறை, நடந்தே செலுத்தினாள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது. அந்த நிலையில் அவள் வகுப்பறையில் உட்கார்ந்து எதைக் கற்றிருக்க முடியும் என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கான சொற்களே அப்போது கல்வித் துறையிடம் இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடப்பெயர்வு மேலும் பெருகி, 1960இல் கறுப்பின மக்கள்தொகை எட்டு இலட்சத்தைக் கடந்தது. அவர்களின் பகுதிப் பள்ளிகள் நிரம்பி வழிந்து, பிள்ளைகள் காலை, மாலை என இரண்டு முறைகளாகப் படித்தனர். அருகிலிருந்த வெள்ளையர் பள்ளிகளில் இடம் காலியாக இருந்தும், அங்கே அவர்களைச் சேர்ப்பதற்கு மாறாக, கல்விக் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ் பள்ளி வளாகங்களில் தகரக் கூண்டு போன்ற நகரும் வகுப்பறைகளை நிறுத்தினார். மக்கள் அவற்றை ‘வில்லிஸ் வண்டி’ என்று கசப்போடு அழைத்தனர். 1963 அக்டோபர் 22 அன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அதன் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

வீட்டு வசதிக்கு நகரம் கண்டுபிடித்த தீர்வு வானுயர்ந்த அடுக்குமாடிகள். ஸ்டேட் தெரு நெடுகிலும், பழைய கறுப்புப் பட்டையின் மேலேயே, அரசுப் பணத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளுள் மிகப் பெரியது 1962இல் முடிவுற்ற ராபர்ட் டெய்லர் குடியிருப்பு: ஒவ்வொன்றும் 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள், 4,000க்கும் மேற்பட்ட வீடுகள். அதே ஆண்டுகளில், வென்ட்வொர்த் சாலையை ஒட்டியே டான் ரயன் விரைவுச்சாலை அமைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கும்பல்கள் காவல் காத்த கோட்டின் மேல் இப்போது பல வழித்தடங்கள் கொண்ட கான்கிரீட் எல்லை எழுந்தது.

இந்த அடுக்குமாடிகள் பிற்காலத்தில் ஏன் வன்முறைக் களமாயின என்ற கேள்விக்கு வறுமை, போதைப்பொருள், கட்டட அமைப்பு எனப் பல விடைகள் சொல்லப்படுகின்றன. வரலாற்றாசிரியர் டி. பிராட்ஃபோர்ட் ஹன்ட், வீட்டுவசதி வாரியத்தின் ஆவணங்களிலிருந்து எடுத்துக்காட்டிய விடை எளிமையானது, அதனாலேயே அதிர்ச்சி தருவது: அங்கே பெரியவர்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் குழந்தைகள் இருந்தனர். பெரிய குடும்பங்களுக்கென்றே பல அறைகள் கொண்ட வீடுகளாகக் கட்டியதால் நேர்ந்த விளைவு அது. சாதாரணமான நகரப் பகுதிகளில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கும். ஒரு சிறுவன் மின்தூக்கியை உடைத்தாலோ இன்னொருவனை அடித்தாலோ அதட்ட இரண்டு பெரியவர்களாவது அக்கம்பக்கத்தில் இருப்பர். ராபர்ட் டெய்லரில் பதினான்காம் மாடியில் இருக்கும் தாய், கீழே திடலில் விளையாடும் பிள்ளையைக் கம்பி வலையின் வழியே பார்க்கலாம். கூப்பிட்டால் கேட்காது, இறங்கிப்போக மின்தூக்கி ஓடாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவ்வாறு கட்டட வடிவத்தாலேயே பெரியவர்களின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. பிறகு வேலைகளும் போயின. இறைச்சிக் கூடங்கள் 1971இல் மூடப்பட்டன. விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை 1980இலும், சவுத் வொர்க்ஸ் எஃகாலை 1992இலும் மூடப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் வெளியிட்ட நூலில், ஆலைகள் போன பின் வேலையற்ற ஏழைகள் மட்டுமே ஓரிடத்தில் செறிந்து எஞ்சியதன் விளைவுகளை விளக்கினார். எஞ்சிய இடத்தை 1980களின் இறுதியில் கிராக் என்னும் மலிவான கொக்கெய்ன் வணிகமும், அதற்காகக் கட்டடத்துக்குக் கட்டடம் மோதிய ஆயுதக் கும்பல்களும் நிரப்பின. 1992இல் நகரில் 900க்கும் அதிகமான கொலைகள் நடந்தன.

அந்த ஆண்டு அக்டோபர் 13 காலையில், வடக்குப் பகுதியிலிருந்த கப்ரினி-கிரீன் குடியிருப்பிலிருந்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தாயின் கையைப் பிடித்தபடி ஜென்னர் தொடக்கப் பள்ளிக்குப் புறப்பட்டான். கூப்பிடு தூரத்தில் பள்ளி வாசல். அங்கே ஆசிரியர்களும் காவலர்களும் நின்றிருந்தனர். எதிர்க் கும்பலைக் குறிவைத்து மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து சுடப்பட்ட குண்டு அவன் தலையில் பாய்ந்தது. அந்த ஆண்டு ஜென்னர் பள்ளி பறிகொடுத்த முதல் மாணவன் அவனல்லன். எனினும் தாயின் கை, பள்ளி வாசல், காவலர் என்று ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய எல்லாப் பாதுகாப்பும் அருகருகே இருந்தும் பயனில்லாமல் போனதால், நாடு முழுவதும் இந்தக் கொலை பேசப்பட்டது.

கொல்லப்பட்ட குழந்தையைப் பற்றி நாளேடுகள் எழுதின. அதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளைப் பற்றி எண்ணத் தொடங்கியவர்கள் தெற்குப் பகுதியில் பணியாற்றிய சிலரே. மனநல மருத்துவர் கார்ல் பெல், சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழக உளவியலாளர் எஸ்தர் ஜென்கின்ஸ் இருவரும் 1980களிலிருந்தே அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டுக் கணக்கெடுத்தனர். தொடக்கப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், ஒருவர் சுடப்படுவதைத் தம் கண்ணால் பார்த்திருந்தனர். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிராததுதான் பெல்லைக் கலங்கவைத்தது. வகுப்பில் கவனமின்றி இருப்பவன், சிறு சத்தத்துக்கும் துள்ளுபவன், தொட்டால் கையோங்குபவன் என்று ஆசிரியர்கள் அனுப்பிவைத்த பிள்ளைகளுக்கு அளவுமீறிய துறுதுறுப்பு என்றோ ஒழுக்கக் கோளாறு என்றோ பெயரிடப்பட்டது. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது எந்தப் படிவத்திலும் இடம்பெறவில்லை. சிகாகோவின் எரிக்சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்பரினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒருபடி மேலே சென்றனர். 1991இல் அவர்கள் வெளியிட்ட நூல், கம்போடியா, மொசாம்பிக், நிகராகுவா, பாலஸ்தீனம் ஆகிய போர்க்களங்களில் வளரும் குழந்தைகளோடு சிகாகோவின் பொதுக் குடியிருப்புக் குழந்தைகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசியது. வெடிச் சத்தம் கேட்டவுடன் ஜன்னலிலிருந்து விலகித் தரையோடு தரையாகப் படுப்பது, இரவில் வெளிச்சுவரை ஒட்டாத நடைவழியில் உறங்குவது ஆகியவற்றைத் தாய்மார்கள் அங்கே பிள்ளைகளுக்குப் பேசக் கற்கும் வயதிலேயே பழக்கியிருந்தனர்.

இந்தப் பழக்கம் உயிரைக் காக்கும், பாடத்தைக் கெடுக்கும். இரண்டும் ஒரே உடலியக்கத்தின் இரு விளைவுகள் என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். ஆபத்தை உணரும்போது மூளையின் கட்டளையால் சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. உடல் தன் ஆற்றலைச் செரிமானத்திலிருந்தும் வளர்ச்சியிலிருந்தும் திருப்பி, ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. இதையே பொதுவாக மன அழுத்தம் என்கிறோம். ஆபத்து நீங்கியதும் சுரப்பு தணிந்துவிட்டால் தீங்கில்லை. நாள்தோறும் மீண்டும் மீண்டும் தூண்டப்பட்டால், இந்த ஒழுங்கே குலைந்து, நினைவுக்கும் கவனக் கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகளின் வேலை பாதிக்கப்படுகிறது. கதவு சாத்தப்படும் ஓசையிலும் நடைவழியில் கேட்கும் காலடியிலும் காதை வைத்திருக்கும் பிள்ளைக்கு, கரும்பலகையில் எழுதப்பட்ட பின்னக் கணக்குக்கு ஒதுக்க மீதிக் கவனம் குறைவு. அந்த விழிப்பைக் குறைபாடு என்று சொல்வது அநியாயம். அவன் வாழும் தெருவில் அதுவே அறிவுள்ள செயல்.

இதுவரை சொன்னவை மருத்துவ அனுபவமும் வாய்மொழிக் கணக்கெடுப்பும் தந்த அறிவு. வன்முறை மிகுந்த பகுதிகளே வறுமை மிகுந்த பகுதிகளாகவும் நலிந்த பள்ளிகள் உள்ள பகுதிகளாகவும் இருப்பதால், மதிப்பெண் குறைவுக்கு இவற்றில் எது காரணம் என்று பிரித்துக் காட்டுவது கடினமாக இருந்தது. 1990களின் நடுவில் ஃபெல்டன் ஏர்ல்ஸ், ராபர்ட் சாம்ப்சன் முதலானோர் தொடங்கிய ‘சிகாகோ குடியிருப்புகளில் மனித வளர்ச்சி’ என்னும் பெருந்திட்டம் இதற்கு வழி திறந்தது. நகரை 343 குடியிருப்புத் தொகுதிகளாகப் பிரித்து, 6,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று, வீட்டிலேயே சொல்வளத் தேர்வும் வாசிப்புத் தேர்வும் நடத்திப் பதிவுசெய்தது அத்திட்டம். ஒவ்வொரு குழந்தையும் எந்த நாளில் தேர்வு எழுதியது என்பதும் அந்தப் பதிவில் இருந்தது. யாருக்கும் பொருட்டாகத் தோன்றியிராத அந்தத் தேதிதான் பின்னர் பெரும் பயன் தந்தது.

சமூகவியலாளர் பாட்ரிக் ஷார்கி அந்தத் தேதிகளைக் காவல்துறையின் கொலைப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தார். ஒரே குடியிருப்பில் வாழும், ஒரே வகையான குடும்பச் சூழல் கொண்ட கறுப்பினக் குழந்தைகளில் சிலர், அருகில் ஒரு கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் தற்செயலாகத் தேர்வை எழுதியிருந்தனர். மற்றவர்கள் வேறு சமயங்களில் எழுதியிருந்தனர். வறுமை, பள்ளி, பெற்றோர் எல்லாம் ஒன்றே. வேறுபாடு கடந்த வாரத்தில் மட்டும். 2010இல் வெளியான முடிவின்படி, கொலைக்குப் பிந்தைய வாரத்தில் எழுதியவர்களின் சொல்வள, வாசிப்பு மதிப்பெண்கள் அரைப் பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு திட்ட விலக்கம் வரை தாழ்ந்திருந்தன. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்பதன் அளவு. இந்த வீழ்ச்சியை எளிதாகச் சொன்னால், நூறு பிள்ளைகளின் வரிசையில் ஐம்பது பேரை முந்தி நிற்கக்கூடிய ஒரு குழந்தை, அந்த வாரத்தில் முப்பது பேரையோ இருபத்தைந்து பேரையோ மட்டுமே முந்த முடிந்தது. அக்குழந்தைகள் கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தங்கள் வட்டாரத்தில் அது நடந்திருந்தால் போதும். மிகக் கொடிய பகுதிகளில் வாழும் பிள்ளைகள் மாதத்துக்கு ஒரு வாரமாவது இந்தத் தாழ்ந்த நிலையிலேயே இயங்குகின்றனர் என்று ஷார்கி கணக்கிட்டார். அந்த மதிப்பெண் பிள்ளையின் திறமையை அளந்ததா, தெருவின் கடந்த வாரத்தை அளந்ததா என்ற கேள்விக்கு அதன்பின் பழைய விடையைச் சொல்ல முடியாமல் போனது.

தொடர்ந்து வந்த ஆய்வுகள், வன்முறை மதிப்பெண்ணைச் சென்றடையும் பாதையை ஒவ்வொரு படியாகத் தெளிவாக்கின. 2012இல் வெளியானது சிகாகோவின் மழலையர் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது: வீட்டருகே அண்மையில் கொலை நடந்திருந்தால் அவர்களின் கவனமும் தன்னடக்கமும் குறைந்தன, அதோடு பெற்றோரின் மனத்துயரும் கூடியிருந்தது. அச்சம் குழந்தைக்கு நேராக மட்டும் வருவதில்லை, தாயின் முகம் வழியாகவும் வருகிறது என்பதற்கு இது சான்று. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் பெருநகர் ஒன்றில் 11 முதல் 18 வயது வரையிலான 82 பேரின் உறக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவியாலும், கார்ட்டிசாலை உமிழ்நீர் மாதிரியாலும் அளந்தது. அருகில் வன்குற்றம் நடந்த நாளின் இரவில் அவர்கள் வழக்கத்தைவிடப் பிந்தி உறங்கினர். விழித்தெழும்போது இயல்பாக நிகழும் கார்ட்டிசால் உயர்வு மறுநாள் காலையில் மாறுபட்டிருந்தது. ஜூலியா பர்டிக்-வில் சிகாகோ பள்ளிகளில் கண்டது மேலும் கவலைக்குரியது: வன்முறை சூழ்ந்த பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் மிகுந்த வகுப்பில், அமைதியான தெருவில் வாழும் மாணவனின் முன்னேற்றமும் குறைந்தது. ஒரு தெருவின் துப்பாக்கிச் சத்தம் இவ்வாறு அந்தத் தெருவைப் பார்த்தறியாத பிள்ளையின் பாடத்திலும் இடம்பிடித்தது.

இந்த அறிவு உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நகரின் கல்வி நிர்வாகம் தேர்வு மதிப்பெண்ணின்மேல் முன்னெப்போதும் இல்லாத சுமையை ஏற்றியது என்பது வேதனையான உண்மை. 1995இல் மேயரின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் வந்த பள்ளி நிர்வாகம், மறு ஆண்டே, மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் பொதுத் தேர்வில் குறித்த மதிப்பெண் பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் கொள்கையை அறிவித்தது. ஆண்டுதோறும் பல ஆயிரம் பிள்ளைகள் நிறுத்திவைக்கப்பட்டனர். தேர்வு நடந்த வசந்தகால வாரத்தில் யாருடைய தெருவில் கொலை நடந்திருந்தது என்று எந்தப் பட்டியலிலும் குறிப்பில்லை. மதிப்பெண் தாழ்ந்த பள்ளிகளுக்கும் தண்டனை வந்தது. சில கலைக்கப்பட்டு வேறு நிர்வாகத்திடம் போயின, சில மூடப்பட்டன.

பள்ளி மூடப்பட்டால் பிள்ளை வேறு பள்ளிக்கு நடக்க வேண்டும். சிகாகோவில் அது எளிய செய்தியாக இருக்க முடியாது. 2000 முதல் அடுக்குமாடிகளை இடிக்கும் பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்து, 2007க்குள் ராபர்ட் டெய்லர் முற்றிலும் தரைமட்டமானது. அங்கிருந்த குடும்பங்கள் நகரெங்கும் சிதறின. பெரிய கும்பல்களும் உடைந்து, தெருவுக்கு ஒன்றாகச் சிறு குழுக்கள் முளைத்தன. இப்போது எல்லைக் கோடு வென்ட்வொர்த் போன்ற பெருஞ்சாலையில் இல்லை, இரண்டு மூன்று தெருக்களுக்கு ஒருமுறை மாறியது. தெற்கு ஓரத்தின் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் குடியிருப்பை ஒட்டியிருந்த கார்வர் உயர்நிலைப் பள்ளி இராணுவப் பயிற்சிப் பள்ளியாக மாற்றப்பட்டதால், அப்பகுதி மாணவர்கள் பலர் தொலைவிலிருந்த ஃபெங்கர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே உள்ளூர் மாணவர்களுக்கும் அவர்களுக்கும் பகை மூண்டது. 2009 செப்டம்பர் 24 அன்று பள்ளி விட்ட பிறகு தெருவில் நடந்த மோதலில் 16 வயது மாணவன் ஒருவன் மரக்கட்டைகளால் அடித்துக் கொல்லப்பட்டான். அந்தக் காட்சியின் கைபேசிப் பதிவை உலகமே பார்த்தது. நன்றாகப் படித்த அந்த மாணவன் எந்தக் கும்பலிலும் இல்லாதவன்.

இதன் பின்னரே ‘பாதுகாப்பான வழி’ என்ற ஏற்பாடு உருவானது. வேலைநாள்களில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும், குறிக்கப்பட்ட தெருக்களின் முனைகளில் ஒளிரும் மஞ்சள் சட்டை அணிந்த பணியாளர்கள் நிற்பர். அவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியின் பெற்றோர், பாட்டிமார், முன்பு அத்தெருவில் வளர்ந்தவர்கள். அவர்களிடம் ஆயுதமில்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பதும், யாருக்கும் யாருக்கும் நேற்று வாய்த்தகராறு என்று அறிந்து பள்ளிக்குச் சொல்லியனுப்புவதுமே அவர்கள் வேலை. 2013 மே மாதத்தில் கல்வி வாரியம் மாணவர் குறைவு என்ற காரணம் காட்டி ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே முடிவில் மூடியபோது, இந்த ஏற்பாடு பன்மடங்கு விரிவாக்கப்பட்டது. இடம்பெயர்ந்த ஏறத்தாழ 12,000 பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சமூகவியலாளரும் கவிஞருமான ஈவ் எல். யூயிங், பழைய கறுப்புப் பட்டையின் மையமான பிரான்ஸ்வில் பகுதியில் மூடப்பட்ட பள்ளிகளைப் பற்றி 2018இல் எழுதிய நூலில், தலைமுறைகளாக வீடும் இடமும் இழந்த மக்களுக்குப் பள்ளி மூடல் இன்னோர் இழவாகவே பட்டது என்பதைப் பதிவுசெய்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், மூடல் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே அப்பிள்ளைகளின் மதிப்பெண்கள் தாழ்ந்ததும், கணிதத்தில் அந்தத் தாழ்வு சில ஆண்டுகள் நீடித்ததும் தெரியவந்தன.

பிள்ளைகளின் பக்கத்திலிருந்து தொடங்கிய முயற்சிகளும் உண்டு. ‘ஆளாகுதல்’ எனப் பொருள்படும் பெயரில் 2001 முதல் சிகாகோ உயர்நிலைப் பள்ளிகளில் நடந்துவரும் குழுவகுப்பு அவற்றுள் நன்கு ஆராயப்பட்டது. அதன் தொடக்கப் பயிற்சி ஒன்றில் இருவரில் ஒருவன் கையில் பந்து கொடுக்கப்பட்டு, மற்றவன் அரை நிமிடத்துக்குள் அதைப் பெற வேண்டும் என்று சொல்லப்படும். பையன்கள் இழுப்பர், முறுக்குவர், கட்டிப் புரளுவர். நேரம் முடிந்ததும், பந்தைத் தா என்று ஏன் கேட்கவில்லை என வழிநடத்துநர் வினவுவார். தெருவில் முதல் எதிர்வினையே உயிர்காக்கும் என்று பழகியவர்கள், எந்த இடத்தில் அது தேவை, எந்த இடத்தில் தேவையில்லை என்று ஒரு கணம் நின்று பார்க்க இதன்மூலம் பழகுகின்றனர். குலுக்கல் முறையில் மாணவரைத் தேர்ந்து நடத்திய ஆய்வுகளில், பங்கேற்ற காலத்தில் வன்குற்றத்துக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. ஆய்வின் முற்பகுதியில் சேர்ந்தவர்களிடையே பள்ளிப்படிப்பை முடிப்போரின் பங்கும் உயர்ந்தது.

பாதுகாப்பான வழிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அத்தெருக்களில் வன்குற்றம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்ததைக் கண்டனர். ஆயுதமற்ற அக்கம்பக்கத்தாரைக் கொண்டு, காவல் படையை விடக் குறைந்த செலவில் கிடைத்த இந்தப் பயன் சிறியதன்று. ஆயினும் அந்தப் பணியாளர்கள் பள்ளி நேரத்தையொட்டிக் காலையும் பிற்பகலும் சில மணி நேரமே நிற்கின்றனர். சிகாகோவில் துப்பாக்கிச் சூடுகள் பெரும்பாலும் இரவில் நடக்கின்றன. உறக்கத்தையும் விடியற்காலைக் கார்ட்டிசாலையும் அளந்த ஆய்வைக் கொண்டு பார்த்தால், மறுநாள் பாடத்துக்கு நேரும் இழப்பு அந்த இரவிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம். மஞ்சள் சட்டைக்காரர் தெருமுனைக்கு வரும் முன்பே, எட்டு மணி மணியோசைக்கு வந்துசேரும் பிள்ளை அன்றைய கவனத்தின் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டிருக்கிறது. அதை ஈடுசெய்யும் ஏற்பாடு எதையும் நகரம் இன்னும் பள்ளி நேர அட்டவணையிலோ தேர்வு நாள்காட்டியிலோ சேர்க்கவில்லை.